சமதரையில் நிறுத்திப் பார்

லிந்துலை
12.01.2025

துஷாந்தின் அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கும் நலமாக இருக்க வேண்டும். கினிகத்தேனை மழை உங்கள் சளிக்கு ஆகாது. சொன்னால் கேட்கப் போகிறவரா நீங்கள்?

போன் எடுக்காமல் கடிதம் எழுதுகிறாளே என்று யோசிப்பீர்கள். போனில் என்றால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

டிசம்பரோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். பிள்ளைகள் மாலை போட்டு, அழுது, கேக் வெட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் அப்பாவின் மொரிஸ் மைனர் கார் மேலிருந்த தறப்பாளை இழுத்துப் போட்டேன். மறுபடி ஓட்டப் போகிறேன். எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. தலவாக்கலையில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் இல்ஹாம்தான் இத்தனை நாள் அவ்வப்போது வந்து ஸ்டார்ட் செய்து வைத்தார். ஆனால் வண்டி பின்னால் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது. இல்ஹாம் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தார், குழியில் விழுந்து எழும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

விபத்துக்கு முந்தின வாரமும் இதே சத்தம்தான். உங்களிடம் சொன்னேன். நீங்களும் ஒரு நாள் முழுக்க அடியில் படுத்துக் கிடந்து வேலை பார்த்தீர்கள். மறுநாள் காலையில் துஷாந்தை ஏற்றிக்கொண்டு போனபோதுதான் வண்டி வளைவில் தேயிலைக்குள் பாய்ந்தது. ஓட்டத் தெரியாமல் ஓட்டி, பெற்ற பிள்ளையின் காலை உடைத்து, அவனை ஏ.எல். பரீட்சை எழுதவிடாமல் செய்தவள் என்ற பேரோடு ஆறரை வருஷம் இருந்துவிட்டேன். இந்த முறை பழுது என்னவென்று தெரியாமல் சாவியைத் தொட மாட்டேன். அந்த வண்டியின் பின் ஸ்பிரிங்கை உங்களைவிடத் தெரிந்தவர் இல்லை. அதற்காகத்தான் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

வினோதா


கினிகத்தேனை
20.01.2025

அன்புள்ள வினோதாவுக்கு,

கராஜ் முகவரிக்கு உன் கையெழுத்தில் ஒரு கடிதம் வரும் என்று நான் நினைத்தும் பார்க்கவில்லை. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டுத்தான் பிரித்தேன். ஓய்வு பெற்றதற்கு வாழ்த்து. இனி அந்தப் பிள்ளைகளை யார் திட்டுவார்களோ!

வண்டி சாய்ந்து நிற்கிறது என்கிறாயே, எங்கே நிறுத்தி அளந்தாய்? குவாட்டர்ஸ் வாசலில்தானே? அந்த வாசலில் தண்ணீர்க் குடமே நேராக நிற்காது. நம் தோட்டத்தில் உள்ளதே ஒரே ஒரு சமதரை, காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் போடும் பெரட்டுக் களம். ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இருக்காது, அங்கே கொண்டுபோய் நிறுத்து. டிக்கியில் ஒரு சாமானும் இருக்கக்கூடாது. நாலு டயருக்கும் காற்றைச் சரி பார். பின் சக்கரச் சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அள. வித்தியாசம் இருந்தால் ஜக்கை பின் அச்சின் நடுவில் வைத்துத் தூக்கு. அப்போது முன்பக்கம் நிமிர்ந்துவிட்டால் பழுது பின்னால். நிமிராவிட்டால் பின்னால் தேடுவது வீண். ஸ்பிரிங் பட்டைகளில் வெடிப்பு உண்டா என்று இல்ஹாமை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்.

கல்யாணம் முடிந்த ஏப்ரலில் அதே வண்டியில் ஏழு பேர் நுவரெலியா போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நானுஓயா ஏற்றத்தில் பட்டை அடியில் போய் இடிக்க, "மருமகனே, மெதுவாங்க, ஸ்பிரிங் அழுவுது" என்று மாமா கத்தினார். நீ பின் சீட்டில் யாரோ ஒருத்தி மடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தாய். அதற்குப் பிறகு அப்படி ஒரு பயணம் எனக்கு வாய்க்கவில்லை.

நல்லமுத்து


லிந்துலை
29.01.2025

துஷாந்தின் அப்பாவுக்கு,

ஞாயிறன்று இல்ஹாம் வண்டியைப் பெரட்டுக் களத்துக்கு ஓட்டி வந்து நிறுத்த, நான் அளந்தேன். வேடிக்கை பார்க்கப் லயத்து வீடுகளில் பாதிப்பேர் திரண்டுவிட்டார்கள். தினமும் அங்கே பேர் போடும் கண்டாக்கு ஐயா, "டீச்சர், வண்டிக்கும் பேர் போடணுமா?" என்று கேட்டார். வித்தியாசம் கால் அங்குலம்கூட இல்லை. ஜக்கைத் தூக்க வேண்டிய வேலையே வரவில்லை. நான் இத்தனை நாள் வாசலின் சரிவைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, உங்களிடம் சொல்லிச் சிரிக்க முடியவில்லையே என்றும் இருந்தது.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. இல்ஹாம் சாக்கு விரித்து அடியில் போனார். வலது பக்கம் விபத்துக்குப் பிறகு தலவாக்கலையில் மாற்றியது, அது சரியாக இருக்கிறது. இடது பக்கம் நீங்கள் போட்டது, யாரும் கை வைக்கவில்லை. அங்கே ஸ்பிரிங் முனைத் துளைக்குள், அந்தக் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் முறுகிக் கிழிந்திருக்கிறது. "சில்லு தொங்கிக்கிட்டு இருக்கப்பவே முறுக்கியிருக்காங்க டீச்சர். வண்டிய தரையில இறக்கி, பாரம் விழுந்த பெறகுதான் இத முறுக்கணும்" என்றார். அச்சை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் நட்டு ஒன்றை விரலாலேயே சுற்றிக் காட்டினார். அது தளர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நடுவுல இருக்க சின்ன போல்ட்டு அறுந்துடும். அச்சு பின்னால நகந்துடும். அப்புறம் நீங்க ஸ்டியரிங்க எப்படிப் பிடிச்சாலும் வண்டி அதும்பாட்டுக்குத் திரும்பும்" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

அன்று நான் ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருந்தேன். எல்லாரிடமும் சொன்னேன், உங்களிடமும் சொன்னேன். விபத்தில் பழுதாகி மாற்ற வேண்டி வந்தது வலது பக்கம்தான். இப்போது கேட்கிறேன், அதற்கு முந்தின நாள் வலது பக்கத்தை எப்படி முறுக்கினீர்கள்?

வினோதா


கினிகத்தேனை
08.02.2025

வினோதா,

ஒரு வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

வலது பக்கத்தை நான் முறுக்கவே இல்லை. அன்று பின்னேரம் முன் சில்லுகளுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி வேலை செய்துகொண்டிருந்தேன். மழை பிடித்துவிட்டது. இடது பக்கத்தைத் தொங்கிய நிலையிலேயே அவசரமாக முறுக்கினேன். வலது பக்கம் நட்டுகளைக் கையால் மட்டும் பூட்டிவிட்டு வண்டியை இறக்கினேன். விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோய் முழுசாக முறுக்கலாம் என்று நினைத்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் எழும்புவதற்குள் நீ துஷாந்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டாய்.

வளைவுக்கு ஓடிவந்து, துஷாந்தைத் தூக்கி வேறொரு வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு வண்டிக்கு அடியில் பார்த்தேன். வலது பக்க அச்சு பின்னால் போயிருந்தது. அறுந்த போல்ட் புல்லில் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், பிறகு ஓயா ஆற்றில் வீசிவிட்டேன். அங்கே நின்றவர்கள், "பொம்பள ஓட்டினா இப்படித்தான்" என்றார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் துஷாந்த் கேட்டபோது, "அம்மா திருப்பத்தில் தடுமாறிட்டா" என்று நானே சொன்னேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

உன் கோபத்துக்குப் பயந்து நான் இங்கே வரவில்லை. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தேன். மன்னிக்கக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை. வண்டியை எடுக்காதே. இடது பக்கம் நாலு புஷ்ஷும் புதுசு போட்டு, சென்டர் போல்ட்டை மாற்றி, வண்டி தரையில் நிற்கும்போது முறுக்கச் சொல். நூறு மைல் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும்.

நல்லமுத்து


லிந்துலை
14.02.2025

என்னிடம் சொன்னால் போதாது. துஷாந்திடம் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

வினோதா


லிந்துலை
04.03.2025

துஷாந்தின் அப்பாவுக்கு,

நீங்கள் எனக்கு எழுதவில்லை. சொன்ன சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள், அதுவே அதிசயம்.

சனிக்கிழமை துஷாந்த் சொல்லாமல் கொள்ளாமல் கொழும்பிலிருந்து வந்து நின்றான். உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தான். ஒன்பது பக்கமாம். நான் படிக்கவில்லை, அது அவனுக்கு எழுதியது. வாசலில் நின்ற வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, ஒரு ரவுண்டு போவோமா?" என்றான்.

விபத்துக்குப் பிறகு அவன் நான் ஓட்டும் வண்டியில் ஏறியதே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்தான். கால் நீட்ட இடம் போதவில்லை, அவ்வளவு வளர்ந்திருக்கிறான். இல்ஹாம் எல்லாவற்றையும் புதுசாகப் போட்டு, பெரட்டுக் களத்திலேயே நிறுத்தி முறுக்கித் தந்திருந்தார். அந்த வளைவு வந்தபோது, பிள்ளை கதவைப் பிடித்துக்கொள்கிறானா என்று கடைக்கண்ணால் பார்த்தேன். பிடிக்கவில்லை. "அம்மா, உங்கள எவ்வளவு பேசிட்டேன்" என்றான். ஓரமாக நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அழுதோம். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், போகட்டும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. எப்போது தீரும் என்றும் தெரியவில்லை. ஆறரை வருஷத்தை ஒரு கடிதத்தில் அடைத்துத் தந்தால் வாங்கிக்கொள்ள நான் ஒன்றும் சாமியில்லை. உங்களை வைத்துத் திட்ட நிறைய இருக்கிறது. திட்டுவதற்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டுமே.

வருகிற ஞாயிறு காலையில் ஹட்டன், வட்டவளை வழியாகக் கினிகத்தேனைக்கு வருகிறேன். உடுப்பையெல்லாம் மடித்து வையுங்கள். நான்தான் ஓட்டி வருவேன், திரும்பும்போதும் நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாருங்கள்.

வினோதா