பெட்டியில் ரெண்டு கோட்டு

என் அருமை மகனுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க நானும் தையல் மிஷினும் எப்பவும் போல ஓடிக்கிட்டிருக்கோம், குறை ஒண்ணும் இல்ல. நீ அங்க நல்லா இருக்கியான்னு கேக்கத்தான் இந்தக் கடிதமே, அதனால நீயும் சுகமா இருப்பேன்னு ஒரு வரி எழுதிட்டுத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல. தினம் போன்ல பேசுறவளுக்குக் கடிதம் எதுக்குன்னு நினைப்பே. போன்ல நான் ஒண்ணு ஆரம்பிச்சா அம்மா மீட்டிங் இருக்கும்பே, அப்புறம் பேசுறேன்னு வச்சிடுவே. இதை அப்படி வெட்ட முடியாது, கடைசி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்.

உன்கிட்ட வர்றதுக்குப் பெட்டி கட்ட ஆரம்பிச்சாச்சு. மாடி வீட்டு பேங்க்காரர் அவரோட பெரிய பெட்டியை இரவல் கொடுத்தார், மூணு சக்கரம் நம்ம இழுக்கிற பக்கம் வருது, ஒண்ணு மட்டும் தன் இஷ்டத்துக்குப் போகுது. அதைக் கட்டில்ல உங்கப்பா படுக்கிற பக்கம் திறந்து வச்சிருக்கேன். அவர் போனதுக்கு அப்புறம் அந்தப் பக்கத்து விரிப்பு கசங்கினதே இல்ல, இப்போ ஏதோ ஒண்ணு அங்க கிடக்குதேன்னு பார்க்கக் கொஞ்சம் ஆறுதலாத்தான் இருக்கு. ஜப்பான்ல இந்தப் பருவத்துல காலையில குளிரும், மத்தியானம் வெயில் அடிக்கும், பொழுது சாயும்போது திரும்பக் குளிரும், ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக் கழட்டுற மாதிரி எடுத்து வைம்மான்னு நீ சொன்னே, அப்படியே வச்சிருக்கேன். முழுக்கைச் சட்டை, ஸ்வெட்டர், கழுத்துக்குச் சுத்த ஒண்ணு, தடிச்ச சாக்ஸ். வச்சதை எடுக்குறதும் எடுத்ததை வைக்கிறதுமா எனக்கு இதே பொழப்பாப் போச்சு. நம்ம கடையில காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற பட்டன்காரம்மா என்னைப் பார்த்து, நீங்க பிள்ளையைப் பார்க்கப் போறீங்களா இல்ல இந்தப் பெட்டிக்குள்ளயே குடித்தனம் பண்ணப் போறீங்களான்னு கேக்குறா. கடையை அடைச்சிட்டு வீட்டுக்கு வந்தா பேச ஆள் கிடையாது, பெட்டியோடயாவது மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்னு விடேன்.

விஷயத்துக்கு வர்றேன். ஓட்டல்காரங்க சீருடைக்கு வாங்கினதுல கருநீலக் கம்பளித் துணி மிஞ்சிக் கிடந்தது. உங்க ஊர்க் குளிருக்கு எனக்கு ஒரு கோட்டு, உன் பெண்டாட்டிக்கு ஒரு கோட்டு, மாமியாரும் மருமகளும் ஒரே துணியில போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்தா நல்லாத்தான் இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை. அவ கல்யாண உடுப்பு என் கையால தைச்சது, அளவு எனக்கு மனப்பாடம். ஆனா வருஷம் ஓடிப்போச்சே, உடம்பு மாறியிருக்குமேன்னு, அவளை நிக்க வச்சு அளவெடுத்து அனுப்புடான்னு உன்கிட்டச் சொன்னேன். நீயும் அதோ இதோன்னு இழுத்தடிச்சு ஒருவழியா அனுப்பினே. பார்த்தா மார்பு கூடியிருக்கு, இடுப்பு அதைவிடக் கூடியிருக்கு. எனக்குத் தலைகால் புரியல. நேர்ல வந்தப்புறம் சொல்லிக்கலாம்னு ரெண்டு பேரும் மறைக்கிறீங்கன்னு நானே முடிவு கட்டிட்டேன். கொஞ்ச நாளா அவ போன்ல வராததுக்கும் அதையே காரணமா வச்சுக்கிட்டேன். எப்போ கேட்டாலும் தூங்குறா, குளிக்கிறா, கடைக்குப் போயிருக்கான்னு நீ சொல்லுவே, சரிதான், மசக்கையில சுருண்டு படுத்திருப்பா, பாவம்னு நினைச்சுக்குவேன். பட்டன்காரம்மாகிட்ட மட்டும் சொன்னேன். அவகிட்டச் சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரின்னு தெரிஞ்சுதான் சொன்னேன். கோட்டுக்கு முன்பக்கம் தாராளமா துணி விட்டு, ரெண்டு வரிசைப் பட்டன் வச்சேன், மாசம் ஏற ஏறத் தள்ளிப் போட்டுக்கலாமேன்னு. மிஞ்சின துண்டுல ஒரு சின்னத் தொப்பிக்கும் வெட்டி வச்சேன்.

நம்ம கடையில எந்த உருப்படியும் சரிபார்க்காம வெளிய போகாதுன்னு உனக்குத் தெரியும். பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கோட்டையும் மேசை மேல படுக்கப் போட்டு நீவி விட்டோம். எப்பவும் போலப் பட்டன்காரம்மா டேப் வச்சு ஒரு பக்கத்து அளவைச் சொல்றா, நான் அதை ரெண்டு மடங்காக்கிச் சொல்றேன். அவ இருபத்தொண்ணுன்னா நான் நாப்பத்திரண்டும்பேன், அவ இருபத்திரண்டுன்னா நான் நாப்பத்திநாலும்பேன். சொல்லிக்கிட்டே வர்றப்போ எனக்கு ஒண்ணு தட்டுச்சு. படுக்கப் போட்டு முழு இஞ்சா எடுத்து ரெண்டு மடங்காக்கினா எல்லாம் ரெட்டைப்படையாத்தான் வரும். நீ அனுப்பின அளவும் அதே மாதிரிதான், சுத்தளவு ஒண்ணு விடாம ரெட்டைப்படை. உடம்பைச் சுத்தி டேப் வச்சிருந்தா ஒண்ணு அரையில நிக்கும், ஒண்ணு காலே அரைக்கால்ல நிக்கும், மனுஷ உடம்பு அவ்வளவு ஒழுங்கா கிடையாது. போனை எடுத்து நீ அனுப்பினதைத் திரும்பப் பார்த்தேன். தோளும் அகலம் கூடியிருக்கு, கையும் நீளம் கூடியிருக்கு. சந்தோஷத்துல எனக்கு அது கண்ணுலயே படல. பிள்ளை வந்தா வயிறு வளரும், தோள் எப்படிடா வளரும். நீ அளந்தது அவளை இல்ல, எல்லாத்துக்கும் மேல தொளதொளன்னு போடுற அவ கோட்டை, போன்ல பார்க்கிறப்போ உன் பின்னாடி ஆணியில தொங்குமே அதை. பக்கத்துல நிக்கிற பெண்டாட்டியை விட்டுட்டு எவனாவது கோட்டை அளப்பானா.

உன்னைக் கேட்டா மழுப்புவேன்னு அவளையே கூப்பிட்டேன். கோவிச்சுக்காதே. என் குரலைக் கேட்டதும் அத்தைன்னா, அப்புறம் எல்லாத்தையும் சொன்னா. வெயில் காலத்துலயே வேலைக்குப் பக்கத்துல ஒரு ரூம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாளாம். உன்னைப் பத்தி ஒரு வார்த்தை குறையாச் சொல்லல, நானும் தோண்டல. ஆனா இன்னொண்ணு சொன்னா பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. நான் வந்து இறங்குற அன்னைக்கு உன்கூட ஏர்போர்ட்டுக்கு வந்து நிக்கச் சொல்லி, நான் திரும்பிப் போற வரைக்கும் வீட்டுல வந்து இருக்கச் சொல்லி, நீ அவளைக் கெஞ்சியிருக்கே. அவளும், உங்களுக்காகச் சரின்னு சொல்லிட்டேன் அத்தை, ஆனா எனக்குப் பயமா இருக்கு, உங்க முன்னாடி சிரிச்சுக்கிட்டு நிக்க முடியுமான்னு தெரியலன்னு அழுதா. அவராச் சொல்ற வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்கன்னு என்கிட்ட வாக்கு வாங்கினா. கொடுத்தேன். கொடுத்த கையோட உனக்கு எழுத உட்கார்ந்துட்டேன். என் வாக்கு அவ்வளவுதான், அவகிட்ட நானே மன்னிப்பு கேட்டுக்கிறேன்.

எனக்கு உன்மேல கோவம் வந்தது நிஜம். ஊர் உலகத்துக்கு மறை, எனக்கு ஏன்டா மறைச்சே. உங்கப்பா போன துக்கத்துல இருக்கிறவளுக்கு இன்னொண்ணு எதுக்குன்னு நினைச்சிருப்பே. ஆனா அந்தக் கோவம் சாப்பாட்டு நேரம் வரைக்கும்கூட நிக்கல. நான் ஒரு தட்டை வச்சுக்கிட்டு, ரேடியோவை யாரோ பேசுற மாதிரி ஓட விட்டுட்டுச் சாப்பிடுறவ. அன்னைக்கு ரேடியோவை நிறுத்திட்டேன். நீ அங்க எதைப் பேச விட்டுட்டுச் சாப்பிடுறியோன்னு நினைச்சேன். அவ்வளவு பெரிய ஊர்ல, அத்தனை ஜனத்துக்கு நடுவுல, கதவைத் திறந்து உள்ள போனா விளக்கை நீயே போட்டுக்கணும். எனக்குத் தெரியும்டா அது, அந்த சுவிட்சைத் தேடுற நேரம் இருக்கே, அதுதான் நாள்ல ரொம்பக் கஷ்டமான நேரம். இத்தனை வருஷம் வேலை வேலைன்னு என்னைத் தள்ளிப் போட்டவன், இந்தத் தடவை கேக்காமலே டிக்கெட் எடுத்து அனுப்பி, மரமெல்லாம் சிவப்பா மாறும் வந்து பாரும்மான்னு சொன்னப்போவே எனக்கு உறைச்சிருக்கணும். இலை பார்க்க விமானம் ஏறுற ஆளா நான். நீ தனியா இருக்க முடியாமத்தான் கூப்பிட்டிருக்கே. கூப்பிடத் தோணுச்சே, அது போதும். எனக்குத் தனியா இருந்து பழகிப்போச்சு, உனக்கு அது பழகிடக் கூடாதுன்னுதான் வர்றேன்.

அந்தக் கோட்டைப் பிரிச்சு, எனக்கு மனப்பாடமான அவ அளவுக்கே திரும்ப வெட்டித் தைச்சிட்டேன். ரெண்டு வரிசைப் பட்டனை ஒரு வரிசையாக்கியாச்சு. பட்டன்காரம்மா வாயே திறக்காம பிரிச்சுக் கொடுத்தா, அவ வாய் மூடி நான் பார்த்தது அன்னைக்குத்தான். தொப்பிக்கு வெட்டின துண்டை வெட்டுத் துணியோட சேர்க்க மனசு வரல, ஆனாலும் சேர்த்துட்டேன். ரெண்டு கோட்டையும் பெட்டியில அடியில வச்சிருக்கேன், அவளோடதை அவகிட்ட நானே போய்க் கொடுக்கிறேன், நீ எந்த வண்டியில ஏறணும்னு மட்டும் சொல்லு. ஆணியில தொங்குறதையும் தூசி தட்டி வை, சேர்த்துக் கொடுத்துடலாம், கோட்டு வேண்டாத மாசத்துல கிளம்பிப் போனவ, இப்போ குளிருக்கு என்ன பண்றாளோ. என்னைப் பஞ்சாயத்துக்கு வர்றவளா நினைக்காதே. யார் மேல தப்புன்னு கேக்க மாட்டேன். மூணாம் நாள் எப்படியும் கேட்டுடுவேன், அப்போ நீ சொல்லாதே. வீட்டைக் கழுவித் துடைச்சு எனக்காக வேஷம் கட்டாதே, போட்டது போட்டபடி கிடக்கட்டும், எனக்கும் அங்க வேலை வேணுமில்ல.

என்ன எழுதினாலும் முடியல, தாள் முடிஞ்சுபோச்சு. வேளைக்குச் சாப்பிடு, நின்னுக்கிட்டுச் சாப்பிடாதே. ராத்திரி கண் முழிச்சு உடம்பைக் கெடுத்துக்காதே. நீ நல்லா இருக்கணும், அவளும் நல்லா இருக்கணும், சேர்ந்து இருந்தாலும் தனித்தனியா இருந்தாலும் ரெண்டு பேரையும் என் வாயாற வாழ்த்துறேன்.

ஒண்ணே ஒண்ணு மறக்காம செய். இதைப் படிச்ச உடனே அவளுக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லிடு, பாவம் அந்தப் பொண்ணு நிம்மதியா தூங்கட்டும். ஏர்போர்ட்டுக்கு நீ மட்டும் வா. கதவைத் தாண்டி நான் வெளிய வர்றப்போ, உன் பக்கத்துல வேற யாரையும் என் கண்ணு தேடாது.

உன்னைப் பார்க்க மட்டுமே வர்ற,
அம்மா