பிரிக்காத பேப்பர்

டீச்சரம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதுகிறார். நீ மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதமாகிறது. பேப்பர் தினமும் வருகிறது. பிரிக்காமல் உன் நாற்காலியில் அடுக்கி வைக்கிறேன்.

ஒருநாள் தையல்காரரை வாசிக்கச் சொன்னேன். சட்டைக்கு அளவு சொல்வது போல வாசித்தார். (இதை எழுதும்போது முறைக்கிறார்.) நீ வாசித்தால் பாதி செய்தி, பாதி திட்டு. விடைத்தாள் திருத்திய சிவப்பு மை விரலில் இருக்க, பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே, "இந்த மந்திரிக்குப் பாஸ் மார்க்கே கிடையாது, அடுத்த வருஷமும் இதே கிளாஸ்ல உட்காரட்டும்" என்பாய்.

கல்யாணமான புதிதில் எனக்கும் எழுத்து சொல்லிக்கொடு என்று கேட்டேன். அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாய், கையெல்லாம் சாக்பீஸ் தூள். "உங்களுக்கு எதுக்குங்க? அதான் நான் இருக்கேன்ல" என்று சிரித்தாய். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாய். நான் மறுபடி கேட்கவில்லை. உலக நடப்பெல்லாம் உன் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான், வாசிக்கிறவர் எழுந்து போகாதவரை.

போன் செய்தால், "மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். மகள்தான் சொன்னாள்: "அம்மாவுக்கு இங்க நிம்மதியா இருக்கு, விட்டுடுங்கப்பா."

உன் காரணம் எதுவானாலும் கடிதத்தில் எழுதாதே. அதைத் தையல்காரர் வாசித்து நான் கேட்க மாட்டேன். நேரில் வந்து உன் வாயால் சொல். சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போ.

கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கும்,
உன் வீட்டுக்காரன்