அம்பாசிடரில் ஒட்டிய சிவப்பு அம்புகள்

ஜூலை 21, திங்கள்

காலையிலிருந்தே ஆடிக்காற்று. ஷெட் முழுக்க மண். பெயின்ட் பக்கம் போகவே முடியாது. சரோஜா அக்காவின் பழைய அம்பாசிடரில் பட்டிப் பூச்சைச் சுரண்டினேன். மூன்று அடுக்கு, மூன்று நிறம். முன்பு எவனோ பூசி மறைத்த வேலை.

துரு இருக்கும் இடங்கள்:
– டிரைவர் கால் வைக்கும் தரை. உள்ளங்கை அளவு ஓட்டை.
– டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில். தகடே இல்லை, பெயின்ட் மட்டும் நிற்கிறது.
– நான்கு கதவுகளின் கீழ் ஓரம்.

கதவுகளுக்குக் கீழே நெடுக ஓடும் பெட்டித் தகட்டைத் தட்டிப் பார்த்தேன். வண்டியின் எடையைத் தாங்குவது அதுதான். நல்லது.

மதியம் அக்கா நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து ஸ்கூட்டரில் வந்தார். அங்கே எலாஸ்டிக் யூனிட் வைத்திருப்பவர். அறுபது வயது. இந்த வண்டியை வேறு ஒருவரையும் ஓட்ட விடமாட்டார். குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், கீழ நெடுக எப்படீங்க இருக்குது? எங்கக்காளையும் ஏத்திக்கிட்டுக் கணியூர் போகோணும்."

"கல்லு மாதிரி இருக்குதுங்க்கா."

கிரைண்டர் வட்டு இரண்டு வாங்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

தரைக்கு ஒட்டுத்தகடு. முதலில் அட்டையில் அளவு வெட்டி, பிறகு தகட்டில். வளைவு ஒத்து வர நான்கு முறை தட்ட வேண்டியிருந்தது. நல்ல வேலைதான்.

காலையில் வீட்டில் ஒரு சங்கடம். மனைவி ஜரீனா குளிக்கப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் குக்கரை இறக்கச் சொன்னாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஓடி வந்தாள்.

"ஏழு விசிலுங்க! அடுப்பு முன்னாடியே இருக்கறீங்க, காதுல உழுகலையா?"

வேலை ஞாபகம் என்றேன். குழைந்த பருப்பையே சாப்பிட்டுவிட்டு கம்பெனிக்குப் போனாள். அங்கே செக்கிங்கில் இருக்கிறாள். நாள் முழுக்க பனியனில் ஓட்டை தேடுகிற வேலை. அவள் கண்ணிலிருந்து தப்புவது கஷ்டம்.

ஜூலை 24, வியாழன்

இன்று எழுத்து கோணல்.

இடது பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். அடியில் படுக்கப் போகிறேன், முழங்கால் ஊன்றியாயிற்று. ஜாக்கி தலை பெட்டித் தகட்டுக்குள் அப்படியே புகுந்துவிட்டது. வண்டி ஒரு சாண் இறங்கியது. உள்ளேயிருந்து துரு டீத்தூள் மாதிரிக் கொட்டியது. கல்லு மாதிரி என்று நான் சொன்ன அதே இடம்.

ஷெட்டில் வேறு ஆளில்லை. கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு சுத்தியை எடுத்து நல்ல தகட்டில் ஒரு தட்டு, இற்ற தகட்டில் ஒரு தட்டு. மாற்றி மாற்றி. எனக்கு இரண்டும் ஒன்றுதான். நல்ல தகடு கிண்ணென்று பேசும். அந்தச் சத்தம் என் காதில் விழாமல் போய் இரண்டு வருடம் இருக்கும். திங்களன்று தட்டியது பழக்கத்துக்கு. கேட்டது ஒன்றுமில்லை.

இதுவரை இதை எங்கும் எழுதியதில்லை.

மேலே ஒரு தகடு வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்தால் அக்காவுக்குத் தெரியவே தெரியாது. கிரைண்டரைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மாவில் மனம் நிற்கவில்லை. இமாமின் பயான் பேச்சில் பாதிதான் விளங்கியது. இத்தனை நாள் மைக் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஜரீனாவிடம் சொன்னேன். காதையும் ஜாக்கியையும். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"அடியில படுத்திருந்தா? எனக்கு யாரு வந்து சொல்லுவாங்க?"

படுக்கும் முன், "ஞாயித்துக்கெழம நானும் ஷெட்டுக்கு வாரேன்" என்றாள்.

ஜூலை 27, ஞாயிறு

காற்று குறைவு. ஜரீனா பையில் சோறும், கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கிய ஒரு சுருள் ஸ்டிக்கரும். பனியனில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுகிற சின்னச் சிவப்பு அம்பு. சுத்தியால் எப்படித் தட்டுவது என்று காட்டினேன். விரலளவு இடம்கூட விடாமல் தட்டி வந்தாள்.

"இங்க கிண்ணுங்குது. இங்க தொப்புங்குதுங்க."

தொப்பென்ற இடத்தில் எல்லாம் ஒரு அம்பு. மழைநீர் வழியும் ஓரம், முன் கண்ணாடிக்குக் கீழ், நான் எட்டிக்கூடப் பார்க்காத இடங்கள். நாற்பத்தியொன்று. வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து சரோஜா அக்கா. சொல்லாமல் வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"என்னங்க பாய் இது?"

ஜரீனா என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும்.

"நல்லாருக்குதுன்னு சொன்னது தப்புங்க்கா. எனக்குக் காது கேக்கறதில்லீங்க. தட்டிப் பாத்தா தெரியறதில்லை."

வண்டியை வேறு இடத்துக்கு எடுத்துப் போவார் என்று நினைத்தேன். அவர் அம்பு ஒன்றை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே போனது.

"எத்தன நாளாங்க?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

"அப்ப அந்த ரெண்டு வருசத்துல நீங்க பாத்து உட்ட மத்த வண்டிக?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மூன்று நாளாக என் காதையும் அக்காவின் வண்டியையும் மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

போகும்போது, "என் வண்டி இங்கயே இருக்கட்டும், அம்புல ஒண்ணு உடாமப் பாருங்க. அவசரமில்லீங்க. மொதல்ல அதுகளப் பாருங்க" என்றார்.

பழைய நோட்டுகளைப் புரட்டினோம். தகடு வேலை செய்தவை ஒன்பது:
– ஆம்னி, இரண்டு
– ஜீப், கறிக்கடைக்காரருடையது
– அம்பாசிடர், மூன்று
– நூல் ஏற்றும் டெம்போ, இரண்டு
– ஸ்கூல் வேன்

கடைசி வரியை எழுதி முடித்ததும் ஜரீனாதான் டிரைவருக்குப் போன் போட்டாள்.

ஜூலை 28, திங்கள்

ஜரீனா அரை நாள் லீவு. காலை டிரிப் முடிந்து பதினோரு மணிக்கு வேன் வந்தது. சீட்டுகளைக் கழற்றினேன். ரப்பர் விரிப்பைச் சுருட்டினேன். அவள் முழங்காலிட்டுத் தட்டத் தொடங்கினாள். நான் சுத்தியைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்.

இரண்டாவது வரிசை சீட் இருந்த இடத்தில் சுத்தி நின்றது. மறுபடி தட்டினாள். ஒரு அம்பு. பக்கத்தில் இன்னொன்று. மொத்தம் நான்கு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கீழே மண் தெரிந்தது.

டிரைவரை ஏறி வந்து பார்க்கச் சொன்னேன். போன வருடம் நல்லது என்று சொல்லி அனுப்பியவன் நான்தான் என்றும் சொன்னேன். அவர் அந்த ஓட்டையைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார்.

"எனக்குக் காது கேக்காதுங்க. சத்தமாச் சொல்லுங்க."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"இன்னைக்குக் காத்தால கூட இது மேலதானுங்க மூணு புள்ளைக உக்காந்து வந்துச்சுக."