இரண்டு பூச்சுப் பசை

காலையில் மரம் தேய்க்கிற சாண்டிங் மெஷினை வைத்து அழுத்தியதும் பசை கருகுகிற நாற்றம் வந்தது. உடனே உன் ஞாபகம். உன் கையில் அந்த நாற்றம் வந்ததே இல்லை என்று பூன் லேயில் நம் பட்டறை முழுக்கச் சொல்வார்கள். கேட்டாலே எனக்கு எரியும். நீ பைக்கிலிருந்து விழுந்து செத்து எட்டு மாதமாகிறது, இன்னும் எரிகிறது.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நாம் இருவரும் ஒரே வாரத்தில்தான் சேர்ந்தோம். மரப்பலகையில் குழி வெட்டி, பச்சைக்கல் துண்டுகளைப் பசையில் பதித்து, மெஷினால் தேய்த்து மட்டமாக்குகிற வேலை. அழுத்தினால் கல் சூடாகும், பசை இளகும், கல் கழன்றுவிடும். நான் அழுத்துவேன். நீ சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல ஓடவிடுவாய்.

"மெஷின்கிட்ட சண்டை போடாதடா" என்பாய்.

"உனக்கென்ன லா, முதலாளி பாயோட செல்லப்பிள்ளை!"

குவீன்ஸ்டவுனில் உங்கள் தேவாலயத்துக்கு மேசை செய்கிற வேலை வந்தது. நடுவில் கல் சிலுவை. நான்தான் முதலில் கேட்டேன். முதலாளி பாய் சிரித்தார். "நீ இன்னும் கொஞ்ச நாளு மரத்தட்டு தேயி லா." வேலை உனக்குப் போனது.

முதல் பூசை முடிந்ததும் எல்லாரும் மேசையைத் தடவிப் பார்த்தார்கள். உன் அம்மா அழுதார். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கல்லாவது விழட்டும் என்று வேண்டிக்கொண்டேன். உங்கள் சாமியிடமே.

போன வாரம் ஒரு கல் விழுந்துவிட்டது. மேசை பட்டறைக்கு வந்தது, என் கைக்கு.

குழியைச் சுரண்டினேன். அடியில் இரண்டு பூச்சுப் பசை. மேலே இருந்தது சுத்தம். கீழே இருந்தது கருகிப் பழுப்பேறிக் கிடந்தது. என் குழிகளில் தினமும் பார்க்கிற பழுப்பு. நீயும் அழுத்தியிருக்கிறாய்! கல் கழன்றிருக்கிறது. யாருமில்லாத நேரம் பார்த்துத் திரும்ப ஒட்டிவிட்டு, எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறாய். திருட்டுப் பயலே. அன்றைக்கே என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால், நானும் போய் உன் மேசையைத் தடவியிருப்பேன்.

பாய் பின்னால் வந்து நின்றார். "எப்படிடா கழண்டுச்சு? அவன் வேலை கழலாதே."

வாய்வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நீயும் நானும் ஒன்று.

சுரண்டிய தூளை ஊதிவிட்டேன். "பசை பழசாயிடுச்சு பாய். வேற ஒண்ணுமில்ல."

உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. உன் அம்மாவுக்கு உன் பேர் இருக்கிறது. பாய்க்கு உன் கைத்திறமை. எனக்கென்று நீ விட்டுப்போனது அந்தப் பழுப்புப் பூச்சு ஒன்றுதான். அதையும் நான் ஏன் பங்கு போட வேண்டும்?