மூடி வேகவைத்த கிழங்கு

என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ராமாயி அக்காவுக்கு,

நீ போய் இன்றோடு நாற்பது நாள். நேற்று என் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். நாகலூர் பஸ்ஸில் ஏறினாலே "எந்தங்கச்சி கரண்டு படிக்கறாளுங்க" என்று சொல்லி மானத்தை வாங்குவாயே, அந்தப் படிப்பு முடிந்தது. கேட்டுச் சந்தோஷப்பட நீ இல்லையே அக்கா.

அன்று எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினேழு. அம்மா காப்பிப் பழம் பறிக்க எஸ்டேட்டுக்குப் போயிருந்தாள். சேலத்து ஜவ்வரிசி ஆலைக்கு வந்த மரவள்ளிக் கிழங்கில் கொஞ்சத்தை அப்பா வாங்கி வந்திருந்தார். ஆலைக்குப் போவது நஞ்சுள்ள கசப்புக் கிழங்கு, திறந்து வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால்தான் நஞ்சு குறையும் என்று நமக்கு யார் சொன்னார்கள்? நம் தோட்டத்துக் கிழங்கு மாதிரியே தண்ணீரைக் கொட்டாமல் மூடி வேகவைத்தாய். வெல்லத்தைத் தொட்டுக்கொண்டு அத்தனையையும் நானே தின்றேன், தீனிப்பண்டாரம். கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டியது, கண் இருட்டியது.

கிளியூரிலிருந்து ஏற்காடு வரை என்னைச் சுமந்து ஓடி, ஒரு ஜீப்பை மறித்துச் சேலத்துக்குக் கொண்டுபோனாய். கூட வந்த அத்தை, காட்டில் எதையோ தின்றுவிட்டாள் என்று சொல்லச் சொன்னார். உனக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்த நேரம். நீ நேரே டாக்டரிடம் போனாய்.

"நானுங்க ஆக்கிப் போட்டது. ஆலைக் கெழங்குங்க. தண்ணியக் கொட்டலீங்க."

அதற்குப் பிறகு அவர் எதையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. உரிய ஊசியைப் போட்டார், பிழைத்தேன். ஊர்ப் பேச்சில் உன் கல்யாணம்தான் நின்றுபோனது.

"மூச்சு ஓடிட்டுத்தானே இருந்துச்சு கண்ணு, அப்பறம் ஏன் முட்டுச்சு?" என்று பல வருஷம் கழித்துக் கேட்டாய். அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். சோற்றிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள், நீ சொன்ன கரண்டுதான், உடம்புக்குள் புரதம் புரதமாகக் கடந்து, கடைசியில் ஓர் இரும்பணுவில் ஆக்சிஜனோடு சேர வேண்டும். அந்த நஞ்சு ஆக்சிஜனின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. காற்று இருந்தது, உடம்பால் அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

புரதத்துக்குள் கம்பி கிடையாது அக்கா. இரும்பணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. எலக்ட்ரான் இங்கே மறைந்து அங்கே தோன்றுகிறது. முடியின் பருமனில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளிதான், ஆனால் அதற்கு அது நெடுந்தூரம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் புரதத்தின் ஓரத்தில் ஓர் உலோக அணுவை ஒட்டி, ஒளியைப் பாய்ச்சி, எலக்ட்ரான் உள்ளே போய்ச் சேரும் நேரத்தை அளந்தோம். தூரம் மட்டும்தான் கணக்கா, நடுவில் இருப்பதும் கணக்கா? இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அந்த எலக்ட்ரான் எனக்குள் நிற்காமல் ஓடுவதால் இதை எழுதுகிறேன், உனக்கு எப்படி நன்றி சொல்ல?

உன் கருமாதியன்று ஒருத்தி, "தங்கச்சிக்கு வெசம் வெச்சவ" என்று பழைய கதையை எடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

இனி அப்படி இருக்க மாட்டேன். அவள் ஊட்டுக்கே போய்ச் சொல்லப் போகிறேன், எனக்கு உயிர் கொடுத்தவள் நீ என்று.

உன்னால் மூச்சுவிடும் தங்கச்சி,
செல்வி