கேடிலாக்குக்கு வைத்த பொட்டு

செம்மநத்தம்,
4.8.2024

அன்புள்ள விஜி மாமாவுக்கு,

கவிப்பிரியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஆடுகள் எல்லோரும் சுகம். அங்கே ராசாத்தி அத்தையும் நீங்களும் சுகமாக இருக்கச் சேர்வராயன் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

கல்யாணம் பேசி முடித்த பிறகும் நான் போனில் பேசுவதில்லை என்று அத்தையிடம் குறைப்பட்டீர்களாம். வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். காப்பிக் காட்டுப் பாறைமேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். நான் ஏறினால் களை எடுப்பவர்கள் கையை நிறுத்திவிடுகிறார்கள். "என்ன சாமி, மாப்பிள்ளை என்ன சொல்றாரு? எங்களுக்குஞ் சொல்லு" என்று கீழே இருந்து கத்துகிறார்கள். நான் இறங்கி வந்துவிடுகிறேன். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாலும் எழுத எனக்கு வரும். அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

நீங்கள் கொடுத்தனுப்பிய படம் வந்தது. அதில் ஒரு கார் முழுசாக இருக்கிறது. நீங்கள் பாதிதான் இருக்கிறீர்கள். அம்மா படத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீதி மாப்பிள்ளை எங்க கண்ணு?" என்றார்கள். அப்பா சிரித்த சிரிப்பில் கோழி எழுந்து ஓடிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 

இப்படிக்கு,
கவிப்பிரியா


சேலம்,
11.8.2024

அன்புக் கவிக்கு,

உன் கடிதத்தை செட்டில் காருக்குள் உட்கார்ந்து படித்தேன். வாயே திறக்காத பெண்ணுக்குள் இவ்வளவு குறும்பா? படம் எடுத்தது எங்கள் மெக்கானிக் ஸ்தனிஸ்லாஸ் அண்ணன். "வண்டி முழுசா வரோணும் அண்ணா" என்று நான்தான் சொன்னேன். தப்பு என்னுடையது. அத்தையிடம், உன் அம்மாவிடம்தான், மீதி மாப்பிள்ளை பரியம் போட்டு நிச்சயம் பண்ண நேரில் வருவான் என்று சொல்.

ஆனால் அதை வெறும் கார் என்று எழுதிவிட்டாயே. அது கேடிலாக், கவி. அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு ஊர். அந்த ஊரை உண்டாக்கிய பிரெஞ்சுக்காரர் பேரைத்தான் காருக்கு வைத்தார்கள். நூற்றிருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. லேலண்ட் என்று ஒருவர், தலைமுடி கனம் பிசகினாலும் ஒத்துக்கொள்ளாதவர், அவர் கையில் வளர்ந்த கம்பெனி. லண்டனில் ஒரு தடவை மூன்று கேடிலாக்கை அக்கக்காகக் கழற்றி, எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கலந்துவிட்டு, மறுபடி மூன்று காராகப் பூட்டினார்கள். ஐந்நூறு மைல் ஓடிற்று. அந்தக் காலத்தில் வேறு யாரால் முடியும்?

அப்போதெல்லாம் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். நடுவழியில் நின்றுபோன ஒரு பெண்ணுக்கு உதவ இறங்கிய மனிதர் ஒருவர், அந்தக் கைப்பிடி எகிறித் தாடையில் அடித்துச் செத்துப்போனாராம். லேலண்டுக்கு வேண்டியவர். அந்த வருத்தத்தில்தான் பட்டனை அழுத்தினால் கிளம்புகிற கார் செய்தார்கள் என்று சொல்வார்கள்.

நான் ஓட்டுகிற எங்கள் முதலாளி வண்டி 1959ஆம் வருசத்தது. பாலேட்டு நிறம். பதினெட்டே முக்கால் அடி நீளம். பின்னால் இரண்டு பக்கமும் துடுப்பு மாதிரி நிற்கிறதே, அது சண்டை விமானத்தைப் பார்த்து வந்த யோசனை. அமெரிக்காவில் எந்தச் சாமானையும் உசத்தி என்று சொல்ல, "இது அதில் கேடிலாக்" என்பார்களாம்.

நான் லாரியில் கிளீனராகப் படுத்துக் கிடந்தவன். லாரியை நிறுத்தினால் ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். இதில் போனால் போலீஸ்காரர் சிரித்துக்கொண்டே வழி விடுகிறார். அந்த மரியாதை காருக்குத்தான், தெரியும். ஆனாலும் அதில் கொஞ்சம் என்மேலும் தெறிக்கிறது, கண்ணு.

உன்,
விஜயகுமார்


செம்மநத்தம்,
20.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். கைப்பிடி அடித்துச் செத்தவருக்காக அம்மா உச்சுக் கொட்டினார்கள். "பாவம், ஒதவப் போன மனுசன்" என்று மறுநாளும் சொன்னார்கள். எனக்கும் அந்த இடம் பிடித்தது. லாரியில் படுத்த இடமும் பிடித்தது. மற்றது பிடிக்கவில்லை. மீனுக்குத் துடுப்பு இருந்தால் நீந்தும். காருக்கு எதற்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கார் என்றாலே எனக்குக் குமட்டுகிறது. சனி, ஞாயிறில் நான் ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு காட்டேஜில் ரூம் கழுவப் போகிறேன், தெரியுமல்லவா. கார் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அசிங்கம் ரூமில் கிடக்கிறது. கோழி எலும்பைக் கைகழுவும் தொட்டியில் போடுகிறார்கள். குழந்தையின் மலத்துணியைப் பூந்தொட்டிக்குள் திணித்துவிட்டுப் போகிறார்கள். போன வாரம் ஓர் அம்மா வளைவில் வரும்போது வாந்தி எடுத்திருக்கிறார். கார் சீட்டில் படக்கூடாது என்று தன் புதுச் சால்வையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அந்தச் சால்வையை என் கையில் கொடுத்து, "நல்லவேளை, சீட்டுக்கு ஒன்னும் ஆகல" என்று சந்தோசப்பட்டார். அதையும் நான்தான் அலசினேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். பரியம் போட வரும்போது பஸ்ஸில் வாருங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு அப்பா வந்து கூட்டி வருவார்.

அம்மா பரியத்து விருந்துக்கு மச்சில் வைத்திருந்த நெல்லை இடித்து வைத்திருக்கிறார்கள். அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
கவிப்பிரியா


சேலம்,
1.9.2024

அன்புக் கவி,

பஸ்ஸா? கேள் விசயத்தை. எட்டாம் தேதி சாயங்காலம் ஏற்காட்டில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணத்துக்கு நம் வண்டியைக் கேட்டிருக்கிறார்கள். நான்தான் ஓட்டி வருகிறேன். நம் பரியமும் அன்று காலையில்தானே! அம்மாவையும் தாம்பாளங்களையும் ஏற்றிக்கொண்டு கேடிலாக்கிலேயே செம்மநத்தம் வந்து இறங்கப்போகிறேன். சேலம் ரோட்டு வளைவுகளில் இது திரும்பாது. குப்பனூர் வழியாக வருகிறேன். முதலாளிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

என் மாமன் வீட்டு வாசலில் அமெரிக்காக் கார் நிற்பதை ஊரே பார்க்கட்டும். நீயும் ஒரு தடவை உட்கார்ந்து பார், பிறகு சொல்.

உன்,
விஜி


செம்மநத்தம்,
10.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

நல்லபடியாக சேலம் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பரியம் முடிந்துவிட்டது. எல்லோரும் நல்ல வார்த்தை சொல்லித்தான் போனார்கள். ஆனாலும் நீங்கள் பார்க்காத ஒன்றை எழுத வேண்டும். நீங்கள் காரையே பார்த்துக்கொண்டிருந்ததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

கார் எங்கள் வீட்டு முடக்கு வளைவில் சிக்கி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. அத்தையும் மற்றவர்களும் ஒரு பக்கக் கதவு வழியாக இறங்கிவிட்டார்கள். நீங்கள் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே இருந்தீர்கள். மாப்பிள்ளை இறங்கினால் ஆலம் சுற்றிப் பொட்டு வைக்க அம்மா தட்டோடு நின்றார்கள். கற்பூரம் ஒன்று எரிந்து அணைந்தது. இன்னொன்று வைத்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பின்னால் இருந்து யாரோ சொன்னார்கள். அம்மா கண்ணாடியைத் தட்டி, "விஜி, எறங்கு கண்ணு" என்றார்கள். நீங்கள் உள்ளேயிருந்து தள்ளிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினீர்கள்.

அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மாப்பிள்ளை உள்ளே இருக்கிறார், அப்படியென்றால் கார்தானே அவருக்கு நெற்றி என்று நினைத்துவிட்டார்கள் போல. காருக்கு ஆலம் சுற்றி, முன்னால் இருக்கும் கம்பெனிச் சின்னத்துக்கு மேலே சந்தனம், குங்குமம் வைத்து, தட்டிலிருந்த மஞ்சள் சுண்ணாம்புத் தண்ணீரையும் விரலால் தொட்டு வைத்தார்கள். குலவை போட்டோம்.

அப்போதுதான் நீங்கள் இறங்கினீர்கள். "யாரு இதைப் பண்ணச் சொன்னது?" என்றீர்கள். கார் துடைக்கும் மஞ்சள் துணியை எடுத்து அம்மாவின் எதிரிலேயே துடைத்தீர்கள். அம்மா, "தெரியாமப் பண்ணிட்டனுங்க" என்றார்கள். சின்ன வயசில் தன் இடுப்பில் தூக்கி வளர்த்த மருமகனைப் பார்த்து 'ங்க' போட்டார்கள். தட்டைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார்கள். நீங்கள் அந்தத் துணியை என் கையில் கொடுத்து, "இத அலசிக் குடு கண்ணு" என்றீர்கள்.

அலசிக் கொடுத்தேன். குங்குமம் போக நெடுநேரம் ஆயிற்று. என் விரலைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள். அது போதும். நான் படித்துக் காட்டுகிறேன்.

கவிப்பிரியா


சேலம்,
19.9.2024

அன்புக் கவி,

நீ எழுதியதைப் படித்து எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அத்தை மனசு நோகவேண்டும் என்று நான் செய்வேனா? ஒரு பக்கம் கல்சுவர், ஒரு பக்கம் பள்ளம். என் உயிர் என் கையில் இல்லை. அந்தப் பெயிண்ட் அந்தக் காலத்து நிறம், இப்போது கலக்கித் தரக்கூட ஆளில்லை. நீ அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது ஒரு சங்கடம். சந்தனம் போய்விட்டது. சுண்ணாம்பு பட்ட இடம் போகவில்லை. ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் தேய்த்துப் பார்த்தும் மங்கலாக ஒரு வட்டம் நிற்கிறது. முதலாளி பார்த்துவிட்டார். நான் வண்டியை உங்கள் ஊருக்குக் கொண்டுவந்தேன் என்று எப்படிச் சொல்வது? பனிமூட்டத்துக்காக வழியில் ஓரமாக நிறுத்தியிருந்தேன், வெவரம் தெரியாத மலைக்காட்டுப் பொம்பளை ஒருத்தி சாமி வண்டி என்று நினைத்துப் பூசிவிட்டாள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. "அப்படின்னா அவளக் கூட்டிட்டு வா, அவ வாயால சொல்லட்டும். இல்லாட்டி சாவியக் குடுத்துட்டுப் போ" என்கிறார்.

அத்தை ஒரே ஒரு நாள் சேலம் வந்து, அவர் முன்னால் நின்று, "தெரியாமப் பண்ணிட்டனுங்க சாமி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பஸ் ஏற்றி அனுப்பு. நான் வந்து கூட்டிப் போகிறேன். ஒன்று மட்டும். அங்கே அத்தை என்னைத் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது. சொந்தம் என்று தெரிந்தால் பொய் வெளியே வந்துவிடும், மரியாதையும் போய்விடும்.

நாளைக்கு உனக்கும் இந்த வேலையில்தானே சோறு. யோசித்துப் பார்.

உன்,
விஜி


செம்மநத்தம்,
25.9.2024

உங்கள் கடிதம் வந்தது.

வழக்கம்போல சத்தமாகப் படிக்கத் தொடங்கிவிட்டேன். 'மலைக்காட்டுப் பொம்பளை' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். அப்பா, "படி சாமி" என்றார். படித்தேன். அப்பா வெளியே போய் ஆட்டுக்குத் தழை போட்டார். ஏற்கெனவே போட்டிருந்தது.

அம்மா கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து, பரியத்தன்று கட்டிய சேலையை எடுத்து உதறினார்கள். "ஒரு வார்த்தைதான? போயிட்டு வந்தர்றன். புள்ள பொழப்புக் கெடக்கூடாது" என்றார்கள். சேலையை மடித்துக்கொண்டே என்னைக் கேட்டார்கள்:

"தெரிஞ்ச மாதிரி காட்டக்கூடாதுன்னா, அங்க விஜிய என்னன்னு கூப்புடறது கண்ணு? சார்னு கூப்புடலாமா?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. காட்டேஜில் எவ்வளவோ கழுவியிருக்கிறேன். அதெல்லாம் முகம் தெரியாதவர்கள் விட்டுப்போனது. தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.

"நீ போகக்கூடாது" என்றேன். சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறேன், அப்பா உள்ளே வந்துவிட்டார். "அக்கா ஊட்டு ஒறவு அத்துப்போகுமே சாமி, நொம்ப யோசிச்சுச் சொல்லு" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். கல்யாணம் வேண்டாம் என்றேன். இவ்வளவு பேச்சு நான் அவர் முன்னால் பேசியதே இல்லை. அப்பா அம்மாவின் கையிலிருந்த சேலையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார்.

காரைக் காப்பாற்ற நீங்கள் துடைத்ததை ஒருநாள் மறந்திருப்பேன். அம்மாவுக்கு இரண்டு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்டேன். நீங்கள் அம்மாவுக்கு எழுதவே இல்லை. அம்மாவை எப்படி அனுப்புவது என்று எனக்கு எழுதினீர்கள். உங்கள் அப்பாவும் இந்த மலையில் பிறந்தவர்தான். உங்கள் முதலாளிக்கு அதுவும் தெரியக்கூடாது போலிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் பரியத் தட்டை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வருவார்கள். பஸ்ஸில்தான். அத்தைமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அப்பா நேரில் சொல்வார். உங்கள் முதலாளி கேட்டால் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். இனி மறைக்க நம்மிடையே உறவு ஒன்றும் இல்லை.

கடிதத்துக்கு மேலே உங்களை ஒன்றும் போட்டு அழைக்கவில்லை. வேண்டுமென்று விடவில்லை. அம்மா கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

சி. கவிப்பிரியா