உதட்டில் படாத அமிலம்

வெள்ளி கிரகம், மேக நிலையம் நான்கு. எழுதுபவள்: டாக்டர் தாட்சாயணி.

நாள் 212, 07:10
காற்று சரி. வெளியே வழக்கம்போல கந்தக அமில மேகம். நான், மெக்கானிக் கொளஞ்சிநாதன், செலஸ்டினா, மூவரும் நலம்.

நாள் 212, 16:20
மெக்கானிக் கொளஞ்சிநாதன் இறந்துவிட்டான். சாம்பிள் புட்டி தீர்ந்ததென்று காலையில் தண்ணீர் பாட்டிலில் அமிலத்தைப் பிடித்து வைத்தவன் அவன்தான். மறந்துபோய் அதையே எடுத்துக் குடித்துவிட்டான், பாவி.

நாள் 213, 09:00
பிரேதப் பரிசோதனை முடிந்தது. நாக்கும் தொண்டையும் வெந்திருக்கின்றன. இரைப்பை கறுத்து ஓட்டை. உதடு சுத்தம். தலைமையகத் தீர்ப்பு இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 213, 10:15
பதில்: “உதட்டில் காயமில்லை. விதி 61: குழாய் வைத்து ஊற்றப்பட்டது. கொலை. உடனிருந்தவர் செலஸ்டினா. அவர் அறை பூட்டப்பட்டது. 18:00 மணிக்குக் காற்று நிறுத்தப்படும்.”

எந்தக் குழாய்? அவன் அண்ணாந்து குடித்தான். பொதுப் பாட்டிலில் எங்கள் ஊரில் எவன் வாய் வைப்பான்?

அறையிலிருந்து செலஸ்டினா: “டாக்டரக்கா, நான் ஒண்ணும் செய்யலக்கா. அவனேதான் மடக்குமடக்குனு ஊத்திக்கிட்டான். அதுகிட்ட சொல்லுங்கக்கா.”

நாள் 213, 13:30
நான்கு முறை விளக்கி எழுதிவிட்டேன். நான்கு முறையும் “விதி 61”. செவிடன் காதில் ஊதிய சங்கு. இந்த விதியை எழுதிய மடையன் ஒருநாளாவது பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்திருப்பானா?

நாள் 213, 16:50
கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, கேமரா முன்னால் அண்ணாந்து குடித்தேன். நாக்கு ஆரஞ்சு, தொண்டை ஆரஞ்சு. உதட்டில் ஒரு பொட்டு இல்லை. பார்த்துத் தொலை என்று அனுப்பினேன்.

நாள் 213, 17:44
“ஏற்கப்பட்டது. விதி 61 நீக்கம். செலஸ்டினா விடுவிப்பு.”

கதவு திறந்தது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

நாள் 213, 18:05
ஆத்திரம் தீரவில்லை. அந்த மடையன் யாரென்று கேட்டேன்.

“விதி 61 எழுதியவர்: பயிற்சி மருத்துவர் தாட்சாயணி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன். இவ்விதிப்படி இதுவரை காற்று நிறுத்தப்பட்டவர்கள்: மூவர். பெயர்கள் வேண்டுமா?”

நினைவு வருகிறது. வெளிநாட்டுப் பிணவறை. அமிலம் குடித்துச் செத்த நாற்பது சடலம். எல்லா உதட்டிலும் காயம். எப்படிக் குடித்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. நானே அண்ணாந்து குடிக்கிறவள்.

நாள் 213, 18:20
பெயர்கள் வேண்டுமா என்று மறுபடி கேட்கிறது. செலஸ்டினா பக்கத்தில் நிற்கிறாள். என்னக்கா வந்திருக்கு என்கிறாள். இன்னும் படித்துக் காட்டவில்லை.